எந்தப் பல்லி, எந்த ஓணான்? வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோ பக்கம். பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லி ஒன்று இருக்கிறது, ஆறு வருடமாக பியர்டட் டிராகன் என்ற தாடி ஓணான் ஒன்றும். பிள்ளைகளின் நண்பர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அடுத்த வாரம் அவர்களுடைய அப்பாவோ அம்மாவோ போன் செய்வார்கள். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை வளர்க்கப் போகிறோம். ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

லெப்பர்ட் கெக்கோ.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அதை ஒட்டிய வடமேற்கு இந்தியா, அந்தப் பக்கத்துக் காய்ந்த பாறை நிலத்துப் பிராணி இது. வளர்ந்தால் வால் நுனி வரை 20 முதல் 25 சென்டிமீட்டர்தான் இருக்கும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு உறவு என்றாலும் இரண்டு விஷயங்களில் வேறு. இதற்குக் கண்ணிமை உண்டு, தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும். காலில் ஒட்டும் தன்மை கிடையாது, அதனால் கண்ணாடியில் ஏறித் தப்பி ஓடாது. பகலெல்லாம் மறைவிடத்தில் கிடந்துவிட்டு இருட்டும் நேரத்தில் வெளியே வரும். வேலைக்குப் போய்விட்டு மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கு இது ரொம்பவே தோதானது.

90 × 45 சென்டிமீட்டர் தரைப்பரப்புள்ள தொட்டி இருந்தால் ஆயுசுக்கும் போதும். ஒரு பக்கம் தரைச்சூடு 31 முதல் 34 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24, 25. சூட்டுப் பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரப்பாசி போட்ட ஒன்று. ஹீட் மேட் என்ற சூட்டு விரிப்பை அடியில் வைத்தால் கண்டிப்பாகத் தெர்மோஸ்டாட்டோடு, அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியோடு, வையுங்கள். அது இல்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

அந்த ஈர மறைவிடம் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். தோல் உரிக்கத்தான். உரிப்பதற்கு முந்தின நாள் எங்களுடையது விபூதி பூசினாற்போல உடம்பெல்லாம் வெளுத்துப்போகும். பிறகு உதட்டோரத்தில் தோல் பிளந்துகொள்ளும். வாயாலேயே கவ்வி, முன்காலைக் கையுறை கழற்றுவதுபோல விரல் விரலாக உருவி, உரித்ததை அப்படியே விழுங்கிவிடும். அரை மணி நேரத்தில் புதுச் சாயம் பூசிய மாதிரி மஞ்சளும் கறுப்புமாக வந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

நாங்கள் வாங்கிய கடையில் ஈர மறைவிடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடியில் மணல் போடுங்கள் என்று ஒரு மூட்டையையும் சேர்த்து விற்றார்கள். முதல் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டரின் காய்ந்த காற்றில் தோல் சரியாக உரியவில்லை. ஒரு விரலைச் சுற்றி நூல் கட்டினாற்போல மிச்சத் தோல் இறுகி, இரத்த ஓட்டம் நின்று, அந்த விரலே விழுந்துவிட்டது. இன்றும் அதன் இடது பின்காலில் நாலு விரல்தான். மணலை அன்றைக்கே எடுத்துப் போட்டேன். குட்டிகள் பூச்சியோடு மணலையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

15 முதல் 20 வருடம் வாழும். ஏழு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், பிள்ளை படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான். வாங்குமுன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பியர்டட் டிராகன்தான் நன்றாகப் பழகும் என்கிறார்களே?

உண்மைதான். பகலில் விழித்திருக்கும், ஆளைப் பார்க்கும், தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கோபம் வந்தால் தாடி கறுக்கும். தன்னைவிடப் பெரிய டிராகன் எதிரே வந்தால் ஒரு முன்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றும். டாட்டா காட்டுகிறது என்று பிள்ளைகள் குதிப்பார்கள், ஆனால் அது "உன்னோடு சண்டைக்கு வரவில்லை" என்று பணிந்துபோகும் சைகை. இடமும் காசும் இருந்தால் இதைவிட நல்ல துணை பல்லி இனத்தில் எனக்குத் தெரியாது.

இடமும் காசும் என்று சொன்னேனே, அதுதான் இங்கே விஷயம். இது நடு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்து ஓணான். 45 முதல் 60 சென்டிமீட்டர் வளரும். 120 × 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த கூண்டில் வளர்ந்த டிராகனை வைப்பது சரியில்லை. வெயில் காயும் கல்லில் 40 டிகிரி சூடு வேண்டும், மறுகோடியில் 25 டிகிரி நிழல் வேண்டும். இதற்கு மேல், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யுவிபி கதிரைத் தரும் டி5 என்ற மெல்லிய குழல் விளக்கு கூண்டு நீளத்தில் பாதிக்காவது இருக்க வேண்டும், நாளுக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும். அந்த விளக்கில் வெளிச்சம் குறையாது, யுவிபி மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே போகும். அதனால் நன்றாக எரிகிறதே என்று விட்டுவிடாமல் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

சாப்பாடு வயதுக்கு ஏற்ப மாறும். குட்டியில் பெரும்பாலும் பூச்சி, வளர்ந்த பிறகு பெரும்பாலும் கீரை. கடுகுக் கீரை, காலர்ட் கீரை, டான்டெலயன் இலை நல்லது. பசலைக் கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, அது வேண்டாம். செம்பருத்திப் பூ வைத்துப் பாருங்கள், எங்களுடையது ஓடி வரும். அவகாடோ ஆகவே ஆகாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜூன், ஜூலை மாதங்களில் கொல்லையில் மின்மினி பறக்கும். பிள்ளைகள் ஆசையாகப் பிடித்து டிராகனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு மின்மினி போதும், டிராகன் செத்துவிடும். அந்தப் பூச்சியின் உடம்பிலுள்ள நஞ்சு இதயத்தைத் தாக்கும்.

ஜன்னல் பக்கம் வைத்தால் வெயில் படுமே, விளக்கு எதற்கு?

ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும்தான் உள்ளே வரும். அந்தக் கதிர் படாமல் தோலில் டி3 வைட்டமின் உருவாகாது, அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. தெரிந்த ஒருவர் ஜன்னலோரம் வைத்து வளர்த்த டிராகனை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தாடையைத் தொட்டால் ரப்பர் மாதிரி வளைந்தது. பின்கால் இரண்டும் நடுங்கின. மருத்துவர் காப்பாற்றிக் கொடுத்தார், ஆனால் வளைந்த முதுகு நிமிரவே இல்லை. அவர் அதன்மேல் அன்பு இல்லாதவர் இல்லை, தினமும் கையால் ஊட்டியவர். விளக்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

லெப்பர்ட் கெக்கோவுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம் உண்டு. பூச்சியின் மேல் டி3 கலந்த கால்சியம் பொடி தூவிக் கொடுத்தே பல வருடம் நன்றாக வளர்த்துவிடலாம். மெல்லிய யுவிபி இருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் சைவம். வீட்டில் உயிருள்ள பூச்சி வாங்கி வைக்க முடியாது.

நம்மவர்கள் நிறையப் பேர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. தயங்கவே வேண்டாம், முன்கூட்டியே கேட்பதுதான் சரி. லெப்பர்ட் கெக்கோவுக்குச் சுவர்க்கோழி, மீல்வார்ம் புழு என்று உயிருள்ள பூச்சிதான் சாப்பாடு, கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "பழக்கிப் பார்க்கலாமே" என்றால் பட்டினி போட்டுக் கொல்வதாகத்தான் முடியும்.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று கிரெஸ்டட் கெக்கோ என்ற மரமேறும் பல்லி. இதற்கென்றே ரெபாஷி, பாங்கியா போன்ற நிறுவனங்கள் சாப்பாட்டுப் பொடி விற்கின்றன. தண்ணீரில் கூழாகக் கரைத்து ஒரு மூடியில் வைத்தால் நக்கித் தின்னும். பல பொடிகளில் பூச்சி மாவும் முட்டையும் கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். ஆனால் கையில் உயிருள்ள பூச்சி தொட வேண்டியதில்லை.

இன்னொன்று யூரோமாஸ்டிக்ஸ். வட ஆப்பிரிக்கா, அரேபியப் பாலைவனங்களின் முள்வால் ஓணான். வளர்ந்தவை இலை, பூ, விதை தின்றே வாழும். பச்சைப் பயறும் மசூர்ப் பருப்பும் விரும்பித் தின்னும், நம் வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றும், மூக்கைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்தால் பயப்படாதீர்கள். வெயில் காயும் இடத்தில் 50 டிகிரி சூடு கேட்கும் பிராணி என்பதால் மின்சாரச் செலவு கூடும்.

கிரெஸ்டட் கெக்கோ எப்படி?

அழகு, அமைதி. நியூ கலிடோனியா தீவுக்காரர். அழிந்தே போனதென்று நினைத்திருந்தார்கள், 1994-இல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று இருக்கும் ஆயிரக்கணக்கான வளர்ப்புக் கெக்கோக்கள் அதற்குப் பிறகு வந்த வம்சம்தான்.

சாதாரண அறை வெப்பம் போதும், 22 முதல் 26 டிகிரி. சூடுதான் இதற்கு எமன். 28-ஐத் தாண்டிப் பல மணி நேரம் போனால் ஆபத்து, கோடையில் ஏசி இல்லாத மாடி வீட்டில் வைக்காதீர்கள். மரத்தில் ஏறும் பிராணி, எனவே தொட்டி உயரமாக இருக்க வேண்டும், 45 × 45 × 60 சென்டிமீட்டர். தினமும் மாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். பயந்தால் வாலைக் கழற்றிவிடும், அந்த வால் மறுபடி முளைக்காது. லெப்பர்ட் கெக்கோவுக்கு முளைக்கும், ஆனால் டர்னிப் கிழங்கு மாதிரி குண்டாக.

இகுவானா குட்டி பச்சைப் பசேலென்று அழகாக இருக்கிறது, விலையும் குறைவு. வாங்கலாமா?

வேண்டாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாகிவிடும்.

கையகலக் குட்டி மூன்று, நான்கு வருடத்தில் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் ஆகும், சில ஆண்கள் இரண்டு மீட்டரை நெருங்கும். அதற்குத் தேவை தொட்டி இல்லை, ஓர் அறை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இகுவானா தன்னை வளர்த்தவரையே எதிரியாகப் பார்க்கும். வாலைச் சாட்டையாகச் சுழற்றும், கடித்தால் தையல் போட வேண்டி வரும். அப்போது யாருக்கும் கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் மீட்பு மையங்களில் ஏற்கெனவே இடம் இல்லாத விலங்கு இதுதான். ஃபுளோரிடாவில் இப்படி வெளியே விடப்பட்டவையும் தப்பித்தவையும் பெருகி, கால்வாய்க் கரைகளையெல்லாம் வளை தோண்டிக் கெடுத்ததால், 2021-இல் அந்த மாநிலம் இகுவானாவைத் தடை செய்யப்பட்ட விலங்குகள் பட்டியலில் சேர்த்தது. குட்டியின் அழகைப் பார்த்து முடிவெடுத்தால் இதுதான் நடக்கும். ஐந்து வருடம் கழித்து வீட்டில் இருக்கப்போவது எது என்று பார்த்துத்தான் நான் எதையும் வாங்கச் சொல்வேன்.

பச்சோந்தி? உடும்பு மாதிரி ஏதாவது?

இரண்டும் முதல் பிராணியாக வேண்டாம். கடைகளில் கிடைக்கும் ஏமன் நாட்டுப் பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது, இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். கையில் எடுத்தாலே மன உளைச்சல் ஆகிவிடும். பார்த்து ரசிக்க மட்டும் விருப்பம் உள்ள, அனுபவமுள்ள ஆளுக்குத்தான் அது சரிவரும். ஆப்பிரிக்க சவான்னா உடும்பு மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஒரு மீட்டர் வளர்ந்து மண்ணை ஆழமாகத் தோண்டி வாழும் பிராணி. கண்ணாடித் தொட்டியில் கொழுத்தே சீக்கிரம் செத்துப்போகும்.

பெரிதாக வேண்டும், சாதுவாகவும் வேண்டும் என்றால் புளூ டங் ஸ்கிங்க் பாருங்கள். அரணை இனம், நீல நாக்கு, குட்டி போடும், கீரை, முட்டை, இறைச்சி எல்லாம் தின்னும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

எங்கள் லெப்பர்ட் கெக்கோ 80 டாலர், தொட்டியும் மற்றதும் சுமார் 450 டாலர். டிராகன் 120 டாலர், அதன் கூண்டும் விளக்கும் 900-ஐத் தாண்டியது. எப்போதும் பிராணியின் விலைதான் கம்மி. கூண்டை முதலில் வாங்கி, ஒரு வாரம் ஓட்டி, வெப்பமானியில் சூடு நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பிராணியைக் கொண்டுவாருங்கள். டிராகனின் 100 வாட் பல்பு 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். வருடா வருடம் யுவிபி குழல், வாரா வாரம் பூச்சி, இதையும் கணக்கில் சேருங்கள்.

பல்லி விஷம் இல்லையா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

இங்கே சொன்ன எதற்கும் மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. ஊரில் பல்லி விழுந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு வாந்தி எடுப்பதுகூட விஷத்தால் இல்லை, அதன் எச்சத்தில் இருக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் வரக்கூடியது.

அந்தக் கிருமி வளர்ப்புப் பல்லிகளிடமும் உண்டு, பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை, 65 வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இவற்றைத் தொடக் கூடாது என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி சொல்கிறது. கைக்குழந்தை இருக்கிறது என்றால் என் பதில், இன்னும் ஐந்து வருடம் காத்திருங்கள். மற்றவர்கள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. முத்தம் கொடுக்கவே கூடாது, பிள்ளைகள் கொடுப்பார்கள், கவனியுங்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்தால் சகுனம் பார்ப்பார்களே?

என் அம்மா முதலில் வந்தபோது அந்த அறைப் பக்கமே வரவில்லை. பல்லி தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் படித்து வளர்ந்தவர். அவரை வற்புறுத்தவில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்டதை அவரே ஒரு நாள் பேச்சோடு சொன்னார். மூன்றாவது வாரம் டிராகனுக்குக் கீரை நறுக்கிக் கொடுத்தது அவர்தான். பெரியவர்களுக்கு அவகாசம் கொடுங்கள், பிராணியைக் கையில் திணிக்காதீர்கள்.

ஒரு மாதம் ஊருக்குப் போனால்? மின்சாரம் போனால்?

வளர்ந்த லெப்பர்ட் கெக்கோ வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும். தண்ணீர் இருந்தால் ஒரு வாரம் சாப்பாடு இல்லாமல் சமாளிக்கும். ஒரு மாதத்துக்கு ஆள் வேண்டும், டிராகனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது ஆள் வேண்டும். டிக்கெட் போடும்போதே அந்த ஆளையும் பேசிவிடுங்கள்.

2013 டிசம்பர் ஐஸ் புயலில் டொராண்டோவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத வீடுகள் ஏராளம். அப்படி வந்தால் பிராணியைத் தெர்மோகோல் பெட்டியில் துணியோடு வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். சூடு திரும்பும் வரை சாப்பாடு கொடுக்காதீர்கள். உடம்பு குளிர்ந்திருந்தால் செரிக்காது, வயிற்றிலேயே அழுகும்.

தமிழ்நாட்டில் இருக்கும் என் தம்பியும் வளர்க்கலாமா?

நம் மண்ணின் பிராணிகளை எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது, பச்சோந்திக்கும் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டு இனங்களில், சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இகுவானா, யூரோமாஸ்டிக்ஸ் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். 2022 சட்டத் திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும் அதற்கு வழி வகுத்திருக்கின்றன, பதிவு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். காகிதம் இல்லாமல் விற்கிறார் என்றால் வாங்கக் கூடாது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கடத்தி வரும் பிராணிகள் சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கின்றன, அவற்றில் பல வழியிலேயே செத்துக் கிடந்த செய்திகளைப் படித்தாலே மனசு கனக்கும்.

சிங்கப்பூரில் பல்லி, ஓணான் எதையும் வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் லெப்பர்ட் கெக்கோ கூடாது, நியூ சவுத் வேல்ஸில் பியர்டட் டிராகனுக்கு உரிமம் எடுக்க வேண்டும். கனடாவிலும் ஊருக்கு ஊர் நகராட்சி விதி மாறும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

துணைக்கு இரண்டு வாங்கலாமா?

கூடாது. இவை தனியாக வாழ்பவை. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பது பாசம் இல்லை, சூட்டுக்கான போட்டி. அடியில் இருப்பது மெலிந்துகொண்டே போகும்.

விதவிதமான நிறங்களில் விற்கிறார்களே, எதை எடுப்பது?

லெப்பர்ட் கெக்கோவில் 'லெமன் ஃபிராஸ்ட்' என்ற பளிச்சென்ற மஞ்சள் நிறம் வந்தால் தள்ளிவிடுங்கள். அந்த நிறத்தைத் தரும் மரபணுவே தோல் கட்டிகளையும் தருகிறது, 80 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றுக்குக் கட்டி வந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. 'எனிக்மா' வகையில் தலை சாய்ந்து வட்டமாகச் சுற்றும் நரம்புக் கோளாறு வரும். சாதாரண மஞ்சள் புள்ளி போதும், அதுவே அழகுதான்.

கடையில் எதைப் பார்த்து எடுப்பது?

கண் பளிச்சென்று முழுதாகத் திறந்திருக்க வேண்டும். விரல்களை எண்ணிப் பாருங்கள். லெப்பர்ட் கெக்கோ என்றால் வால் கழுத்தளவு தடிமன் இருக்க வேண்டும், குச்சியாக இருந்தால் நோய். உங்கள் எதிரிலேயே ஒரு பூச்சி போடச் சொல்லுங்கள். நல்ல கெக்கோ குனிந்து, வால் நுனியை மட்டும் பாம்பு மாதிரி நெளித்து, ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டுப் பாயும். அந்த வால் ஆட்டத்தைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

அப்புறம், கிளம்புமுன் உங்கள் ஊரில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் எண்ணைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோரும் இவற்றைப் பார்ப்பதில்லை.